அணை உடைப்பு மாடல் நடுவழியில் நின்றால்: 1டி-யைச் சரிசெய்வதா, 2டி-க்கு மாறுவதா?

கணக்கு 2 மணி 8 நிமிடம் வரை அமைதியாக ஓடுகிறது. அந்த நேரத்தில் அணை உடையத் தொடங்குகிறது. உடைப்பு தொடங்கிய ஆறாவது நிமிடத்தில், அணைக்குக் கீழே மூன்றாவது குறுக்குவெட்டில் (ஆற்றைக் குறுக்கே வெட்டி அளந்த இடத்தில்) நீர்மட்டம் ஒரே டைம் ஸ்டெப்பில், அதாவது கணக்கு நகரும் ஒரு சிறு காலத்துண்டில், 11 மீட்டர் எகிறுகிறது. அடுத்த ஸ்டெப்பில் அதே இடத்தில் ஆற்றின் அடிமட்டத்துக்கும் கீழே போகிறது. அப்புறம் திரையில் சிவப்பாக ஒரு வரி, கணக்கு நின்றுவிடுகிறது.

அணை உடைப்பு வெள்ளத்தைக் கணக்கிடும் எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த 1டி மாடலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு 2டி-க்குப் போய்விடலாமா?" 1டி என்றால் ஆற்றைக் குறுக்குவெட்டுகளின் வரிசையாக வைத்து, நீளவாக்கில் மட்டும் கணக்கிடுவது. 2டி என்றால் நிலத்தைச் சிறு செல்களாகப் பிரித்து, எல்லாத் திசையிலும் கணக்கிடுவது. சில நேரம் போவதே சரி. சில நேரம், இங்கே இருந்த பிழையை அங்கேயும் சுமந்துபோய், அது எரர் காட்டாமல் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிடுகிறோம். இரண்டாவதுதான் ஆபத்து. கணக்கு ஓடி முடிந்ததும் வரைபடம் அச்சாகிறது. எந்தத் தெருவை எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதை அந்த வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: இருக்கும் 1டி மாடலைச் சரிசெய்வது, உடைப்பை மட்டும் தனியே கணக்கிட்டு ஊட்டுவது, 2டி-யில் டிஃப்யூஷன் வேவ் (நீரின் நிலைமத்தை விட்டுவிடும் எளிய சமன்பாடு), 2டி-யில் ஃபுல் மொமென்டம் (அதையும் சேர்க்கும் முழுச் சமன்பாடு). உதாரணங்களுக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் ஹெக்-ராஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்கிறேன். 2016-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து அதில் 2டி-யும் இருக்கிறது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், இயற்பியல் மாறாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், பிழை எங்கே, எப்போது தொடங்கியது. கடைசியில் வரும் சிவப்பு வரியைப் பார்த்துப் பயனில்லை. அதற்கு முன்னால் வந்த முதல் எச்சரிக்கை எந்தக் குறுக்குவெட்டில், எந்த நிமிடத்தில் என்று பாருங்கள். ஓரிடத்தில் தொடங்கும் ஆட்டம் சில ஸ்டெப்களிலேயே மேலும் கீழும் பரவிவிடும். கணக்கு நின்ற இடம் பெரும்பாலும் குற்றவாளி இருக்கும் இடமாக இருக்காது. எந்த வழியில் போகலாம் என்பதைப் பாதிக்கு மேல் இந்த ஒரு தகவலே சொல்லிவிடும்.

இரண்டாவது, உங்களுக்கு வேண்டிய விடை எது. அதிகபட்ச ஆழமா, வெள்ளம் வந்துசேரும் நேரமா, வேகமா? ஆழம் ஓரளவு எல்லா வழியிலும் பக்கத்தில் வரும். வந்துசேரும் நேரம் அப்படி வராது.

மூன்றாவது, கையில் இருக்கும் தரைவடிவத் தரவு. நான்காவது, எத்தனை ரன் தேவை. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு ரன்னை மணிக்கணக்கில் மெருகேற்றுவதைவிட, உடைப்பின் அளவை மாற்றி மாற்றி இருபது ரன் ஓட்டுவது பல நேரம் அதிகம் சொல்லும். ஏன் என்பதற்குக் கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

## எந்த வழிக்குப் போனாலும் சரியாகாத இரண்டு

நீர் ஆழம் 20 மீட்டர், கொள்ளளவு 1 கோடி கன மீட்டர் உள்ள ஒரு மண் அணையை எடுத்துக்கொள்வோம். நீர் மேலே வழிந்து உடைகிறது. வழக்கமான சூத்திரங்கள் தரும் விடைகள்:

| முறை | உடைப்பின் சராசரி அகலம் | உருவாகும் நேரம் |
|---|---|---|
| ஃப்ரோலிக் (2008) | சுமார் 69 மீட்டர் | சுமார் 53 நிமிடம் |
| வான் தூன், ஜில்லெட் (1990), எளிதில் அரிக்காத மண் | சுமார் 93 மீட்டர் | 39 நிமிடம் |
| வான் தூன், ஜில்லெட் (1990), எளிதில் அரிக்கும் மண் | சுமார் 93 மீட்டர் | 18 நிமிடம் |

ஒரே அணைதான், ஆனால் உடையும் நேரம் 18 நிமிடத்திலிருந்து 53 நிமிடம் வரை போகிறது. இடைவெளி இந்த அளவோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் பியூரோ ஆஃப் ரெக்ளமேஷனில் டோனி வால் 2004-ல் செய்த ஆய்வு, உடைப்பு நேரத்தைக் கணிக்கும் சூத்திரங்களின் நிச்சயமின்மை ஏறத்தாழ பத்து மடங்கு அளவுக்குப் போகலாம் என்று காட்டியது. உச்ச ஓட்டத்திலும் அப்படித்தான். 1976 ஜூன் 5-ல் அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை உடைந்தபோது உச்ச ஓட்டம் வினாடிக்கு சுமார் 65,000 கன மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த அணையின் அளவுகளை ஃப்ரோலிக்கின் 1995 சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 43,000 பக்கம்தான் வரும்.

அதனால், 18 நிமிட உடைப்பில் நிற்கும் மாடல் 53 நிமிட உடைப்பில் ஓடி முடிகிறது என்பதற்காக 53-ஐ வைத்துக்கொள்வது பெரிய தவறு. மாடல் சொகுசாக ஓடுவதற்காக அணையை மெதுவாக உடைத்துவிட்டீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். உடைப்பு வளரும் விதத்தை நேர்கோட்டிலிருந்து சைன் வளைவுக்கு மாற்றுவது வேறு விஷயம். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகப் போகும் அந்த வடிவம் இயற்கைக்கு ஒத்துவரும், மொத்த நேரமும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு. லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையை அளக்கும் முறை) தரவை மட்டும் நம்பி நீர்த்தேக்கத்தை 2டி-யாக வரைந்தால், மாடலின் தரைவடிவத்தில் அணைக்குப் பின்னால் மேசைப்பலகை மாதிரி ஒரு தட்டையான தளம் தெரியும். அதை ஆற்றின் அடி என்று நினைத்துவிடாதீர்கள். விமானம் பறந்த அன்று இருந்த நீர்மட்டம் அது. சாதாரண லைடார் ஒளி தண்ணீருக்குள் போகாது. அந்தத் தளத்துக்குக் கீழே இருந்த தண்ணீர் முழுவதும் மாடலில் இல்லை. அணையின் நீர்மட்டம்-கொள்ளளவு அட்டவணையோடு மாடலின் கொள்ளளவை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒப்பிடாமல் விட்டால் எந்த எரரும் வராது. வெள்ளம் மட்டும் சின்னதாக வரும்.

## வழி 1: இருக்கும் 1டி மாடலைச் சரிசெய்வது

குறுக்குவெட்டுகளின் இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். சாமுவேல்ஸ் சொன்ன எளிய விதி ஒன்று உண்டு: கரைமட்ட ஆழத்தை 0.15-ஆல் பெருக்கி, சரிவால் வகுத்தால் வருவதுதான் அதிகபட்ச இடைவெளி. ஆழம் 3 மீட்டர், சரிவு 0.003 என்றால் 150 மீட்டர். சாதாரண வெள்ளத்துக்கு வெட்டிய 500 மீட்டர் இடைவெளிக் குறுக்குவெட்டுகளோடு அணையை உடைத்தால் அலையின் முகப்பு இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் தொலைந்துபோகும்.

அடுத்து டைம் ஸ்டெப். அலை வேகம் வினாடிக்கு 6 மீட்டர், இடைவெளி 150 மீட்டர் என்றால், கூரான்ட் எண் (ஒரு ஸ்டெப்பில் அலை எத்தனை இடைவெளி கடக்கிறது என்பது) 1-க்கு 25 வினாடி வருகிறது. ஒரு நிமிடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் குறையுங்கள். ஆனால் எரர் போகவில்லையே என்று 25-லிருந்து 5, 5-லிருந்து 1 என்று இறக்கிக்கொண்டே போகாதீர்கள். ஸ்டெப் தேவைக்கு மேல் சின்னதானால் அலையின் முகப்பு செயற்கையாகச் செங்குத்தாகி, ஆட்டம் அதிகமாகவும் கூடும்.

மூன்றாவது, எல்லோரும் மறக்கும் ஹைட்ராலிக் டேபிள். ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் நீர்மட்டத்துக்கு எவ்வளவு பரப்பு, எவ்வளவு கடத்துதிறன் என்று மென்பொருள் முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறது. அந்த அட்டவணை சாதாரண வெள்ளத்தின் உயரத்தோடு முடிந்திருந்தால், உடைப்பு வெள்ளம் அதைத் தாண்டியதும் மென்பொருள் கடைசிப் புள்ளியிலிருந்து இழுத்துப்போட்டு ஊகிக்கும். முதலில் சொன்ன அந்த 11 மீட்டர் எகிறலுக்கு, என் அனுபவத்தில், பாதி நேரம் இதுதான் காரணம். அட்டவணையை உச்ச நீர்மட்டத்துக்கும் மேலே நீட்டி, படிகளை நெருக்கினால் அடங்கிவிடும்.

பிழை உடைப்புக்கு முன்பே, கணக்கு தொடங்கிய சில நிமிடங்களில் வந்தால், ஆறு ஏறக்குறைய வறண்டிருக்கிறது என்று அர்த்தம். 1டி-யால் வறண்ட படுகையைத் தாங்க முடியாது. அடிப்படை ஓட்டத்தை உச்ச ஓட்டத்தின் ஒரு சதவீதம் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், உச்சத்தோடு ஒப்பிட்டால் அது சின்னதாகவே இருக்கிற வரைக்கும்.

செங்குத்தான பகுதிகளில், உராய்வைக் குறிக்கும் மேனிங் எண்ணை ஒருமுறை சந்தேகப்படுங்கள். செங்குத்தான ஓடைகளில் உராய்வு, பாடப்புத்தக அட்டவணைகள் சொல்வதைவிட அதிகம் என்று ஜாரெட் 1984-லேயே காட்டிவிட்டார். எண் குறைவாக இருந்தால் ஓட்டம் தேவையில்லாமல் சூப்பர்கிரிட்டிக்கல் (அலையைவிட நீர் வேகமாக ஓடும் நிலை) ஆகி, மாடல் தடுமாறும். அதோடு, அணைக்கு உடனே கீழே ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை. உடைந்த அணையின் மண்ணும் கல்லும் மரமும் சேர்ந்தே ஓடுகின்றன. அங்கே எண்ணைக் கணிசமாக உயர்த்துவதில் நியாயம் இருக்கிறது.

இந்த வழியின் மறைமுகச் செலவு இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கலப்பு ஓட்டத்துக்கென ஹெக்-ராஸில் ஒரு வசதி உண்டு: ஃப்ரூட் எண் (நீரின் வேகத்துக்கும் அலையின் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 1-ஐ நெருங்க நெருங்க, சமன்பாட்டில் உள்ள நிலைமச் சொற்களைக் குறைத்துக்கொண்டே வரும். எவ்வளவு சீக்கிரம் குறைப்பது என்பதை ஓர் அடுக்கெண் தீர்மானிக்கிறது. அதை 10-லிருந்து 1-க்கு இறக்கினால் மாடல் சாந்தமாகிவிடும். உண்மையில் நீங்கள் 1டி-க்குள்ளேயே டிஃப்யூஷன் வேவ் பக்கம் நகர்ந்திருக்கிறீர்கள். பழைய ஸ்டெப்புக்கும் புதிய ஸ்டெப்புக்கும் எடை பிரிக்கும் எண்ணான தீட்டாவை 1.0-ல் வைத்தால் நிலைத்தன்மை, 0.6-க்கு இறக்கினால் துல்லியம். 1.0-லேயே விட்டுவிட்டால் அலை கொஞ்சம் மழுங்கும். அடிப்படை ஓட்டம், மேனிங் எண், தீட்டா, அடுக்கெண் என்று ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் சின்ன மாற்றம்தான். நான்கும் சேர்ந்தால் அலையின் உயரத்தையும் வந்துசேரும் நேரத்தையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். எதை, எவ்வளவு மாற்றினோம், ஒவ்வொன்றாலும் நேரம் எத்தனை நிமிடம் நகர்ந்தது என்று எழுதிவைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

குறுகிய பள்ளத்தாக்கு, பல பத்து கிலோமீட்டர் நீளம், நேரில் அளந்த குறுக்குவெட்டுகள், இருபது முப்பது ரன் தேவை என்றால் இந்த வழிதான் சரி. வெள்ளம் சமவெளியில் விரிந்து, ஆற்றை விட்டுவிட்டுத் தன் போக்கில் போகும் இடத்தில் இதைப் பிடித்துத் தொங்காதீர்கள். அங்கே குறுக்குவெட்டை எந்தத் திசையில் வெட்டுவது என்பதற்கே விடை கிடையாது.

## வழி 2: உடைப்பைத் தனியே கணக்கிட்டு ஊட்டுவது

நீர்த்தேக்கத்தையும் உடைப்பையும் ஹெக்-எச்எம்எஸ் போன்ற வேறொரு மாடலில், சமமட்டக் குளமாக (நீர்மட்டம் எங்கும் ஒன்றே என்று) வைத்துக் கணக்கிடுங்கள். வரும் ஹைட்ரோகிராஃபை (நேரத்துக்கு நேரம் ஓட்டம் எவ்வளவு என்று காட்டும் வளைவை) ஆற்று மாடலின் மேல் எல்லையில் உள்வரத்தாகக் கொடுங்கள். அவ்வளவுதான்.

இறுதி விடைக்கு இதைப் பயன்படுத்தாவிட்டாலும், நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஊட்டிய பிறகு மாடல் ஓடிவிட்டால், பிழை அணையிலோ நீர்த்தேக்க இணைப்பிலோ இருக்கிறது. ஊட்டியும் நின்றால், கீழே ஆற்றில் இருக்கிறது. வாரக்கணக்கில் இருட்டில் துழாவுவதை இந்த அரை நாள் வேலை மிச்சப்படுத்தும்.

செலவு இரண்டு இடத்தில். உடைப்பு வழியே போகும் ஓட்டம், கீழே தேங்கும் நீரின் மட்டத்தைப் பொறுத்தது. உடைப்பின் அடியிலிருந்து அளந்தால், கீழ்ப்பக்க நீர் மேல்பக்க நீரின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டும்போது ஓட்டம் குறையத் தொடங்கும். அணைக்குக் கீழே குறுகலான பள்ளத்தாக்கு இருந்தால் இது நிச்சயம் நடக்கும். தனிக் கணக்குக்கு அது தெரியாது. மற்றது, நீண்டு குறுகிய நீர்த்தேக்கங்கள். வால்பகுதித் தண்ணீர் உடைப்புக்கு வந்துசேர நேரம் ஆகும். சமமட்டக் கணக்கு அதைப் பொருட்படுத்தாமல் உச்சத்தை மிகைப்படுத்தும். அகலமான, குட்டையான நீர்த்தேக்கம், கீழே நீர் தேங்க வழியில்லாத திறந்த நிலம் என்றால் இறுதி விடைக்கே இது போதும்.

ஹைட்ரோகிராஃபின் கீழுள்ள மொத்தப் பரப்பு, உடைப்பின் அடிக்கு மேலிருந்த கொள்ளளவோடும் அந்த நேரத்தில் வந்த உள்வரத்தோடும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு ஊட்டுங்கள்.

## வழி 3: 2டி, டிஃப்யூஷன் வேவ்

இங்கே ஈர்ப்பு, உராய்வு, நீரழுத்தம் மூன்றும்தான் கணக்கில் வரும். தண்ணீரின் நிலைமம் வராது. அதனால்தான் இது வேகம், அதனால்தான் பெரிய ஸ்டெப்பையும் தாங்கும். கூரான்ட் எண் 2 வரை போனாலும் பொதுவாகச் சிக்கல் இல்லை. 1டி-யில் மூன்று வாரம் போராடியவருக்கு முதல் ரன்னே ஓடிவிடும், நிம்மதியாக இருக்கும்.

அந்த நிம்மதியில்தான் எச்சரிக்கை வேண்டும். 2டி-யில் பிழைகள் கணக்கை நிறுத்துவதில்லை, வரைபடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சாலைக்கரை ஒன்று வெள்ளத்தைத் தடுத்து நிற்க வேண்டும். கரைக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பில், கரை மூழ்குவதற்கு 40 நிமிடம் முன்பே தண்ணீர் காட்டியது. மெஷ்ஷை (செல்களின் வலையை) பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு செல் கரையின் குறுக்கே, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று படுத்திருந்தது. செல்லுக்குள் நீர்மட்டம் ஒன்றே என்பதால், இந்தப் பக்கம் ஏறிய நீர் அந்தப் பக்கமும் தானாகவே வந்துவிட்டது. கரையின் உச்சியில் ஒரு பிரேக்லைன் போட்டு, செல்லின் விளிம்பை அதன்மேல் கொண்டுவந்ததும் கசிவு நின்றது. கணக்கு ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. ஒவ்வொரு கரையாக, ஒவ்வொரு சாலையாகக் கண்ணால் பார்த்துத் திருத்தும் இந்த வேலைதான் 2டி-யின் உண்மையான செலவு. மாறலாமா என்று யோசிக்கும்போது யாரும் இதை நாள்கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு செலவு இயற்பியலில். திடீரென எழும் அலை, கூர்மையான வளைவில் வெளிக்கரையில் ஏறும் நீர், கட்டடத்தில் மோதித் திரும்பும் நீர் ஆகிய மூன்றிலும் நிலைமம்தான் ஆட்சி செய்கிறது. இந்தச் சமன்பாட்டில் அது இல்லை. அணைக்குப் பக்கத்தில் வந்துசேரும் நேரத்துக்கு இதை நம்பவே கூடாது. தொலைவில், அலை தணிந்து சமவெளியில் பரவும் இடத்தில், நன்றாகவே வேலை செய்யும்.

## வழி 4: 2டி, ஃபுல் மொமென்டம்

அணை உடைப்புக்கு ஏற்ற இயற்பியல் இதுதான், அதில் சந்தேகமில்லை. பிரான்ஸின் மால்பாசே அணை ஏன் இன்றும் மாடல்களின் உரைகல்லாக இருக்கிறது என்று பார்த்தால் புரியும். 1959 டிசம்பர் 2 இரவு அந்த வளைவு அணை ஏறக்குறைய ஒரே கணத்தில் உடைந்து, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்த மூன்று மின்மாற்றிகள் வெள்ளம் தொட்டதும் அணைந்தன. அந்த நேரங்களிலிருந்து, உடைப்புக்குப் பின் 100, 1240, 1420 வினாடிகள் என்று அலை வந்த நேரம் கிடைத்தது. வளைந்து நெளியும் அந்தப் பள்ளத்தாக்கில் இந்த மூன்று எண்களைப் பிடிக்க, நிலைமம் உள்ள சமன்பாடு வேண்டும்.

விலை, கணக்கிடும் நேரம். கூரான்ட் எண்ணை 1-ஐ ஒட்டி வைக்க வேண்டும். செல்லின் நீளத்தைப் பாதியாக்கினால் செல்கள் நான்கு மடங்கு, ஸ்டெப் பாதி, ஆக மொத்தம் எட்டு மடங்கு வேலை. ஐந்து மணி நேர ரன் நாற்பது மணி நேரம் ஆகிறது. இருபது ரன் வேண்டும் என்றால்? இங்கேதான் பலர் ஒரே ரன்னோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேலே உள்ள அட்டவணையை மறுபடி பாருங்கள். 18-க்கும் 53-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் உடைப்பு நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் மிகத் துல்லியமாகக் கணக்கிடுவதால் என்ன கிடைக்கும்?

கவனிக்க இன்னொன்று: அணையை 2டி பகுதிகளுக்கு நடுவே ஓர் இணைப்பாக வைத்தால், உடைப்பு வழியே போகும் நீர் இயல்பாக வியர் சமன்பாட்டில்தான் (தடுப்பின் மேல் வழியும் நீருக்கான சூத்திரம்) கணக்காகும். அங்கே மொமென்டம் அறுந்துபோகிறது. சமன்பாட்டை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாமல், அந்த அமைப்பைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

## நான் என்றால் எப்படிப் போவேன்

முதல் எச்சரிக்கை உடைப்புக்கு முன்பே வந்தால் எங்கேயும் மாற மாட்டேன். அது தொடக்கநிலைப் பிழை, 1டி-யிலேயே தீரும். உடைப்பு நேரத்தில், அணையை ஒட்டி வந்தால், வழி 2-ஐச் சோதனையாக ஓட்டுவேன். கீழே வெகுதூரத்தில், ஆறு கரை கடந்து விரியும் இடத்தில் வந்தால், 1டி அந்த நிலத்துக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு 2டி-க்குப் போவேன். அதுவும் முழுவதும் மாற வேண்டியதில்லை. பள்ளத்தாக்கு 1டி-யாகவும் சமவெளி 2டி-யாகவும் ஒரே மாடலில் இருக்கலாம், இணைப்பு நன்றாகக் குறுகிய இடத்தில் அமைந்தால்.

2டி என்று முடிவானால், டிஃப்யூஷன் வேவில் தொடங்கி மெஷ்ஷின் கசிவுகளையெல்லாம் அடைப்பேன், உடைப்பு அளவுகளின் முழு வீச்சையும் அதிலேயே ஓட்டுவேன். பிறகு மிக மோசமான ஒன்றையும் நடுத்தரமான ஒன்றையும் மட்டும் ஃபுல் மொமென்டத்தில் ஓட்டி, வந்துசேரும் நேர வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்ப்பேன். வித்தியாசம் எங்கே பெரிதாக இருக்கிறதோ, பெரும்பாலும் அணைக்குக் கீழே முதல் சில கிலோமீட்டரும் கூர்மையான வளைவுகளும்தான், அங்கே டிஃப்யூஷன் வேவ் எண்களை எடுத்துவிட்டு ஃபுல் மொமென்டம் எண்களை வைப்பேன். அறிக்கையில் அந்த இடங்களுக்கு ஒற்றை நேரத்தை எழுத மாட்டேன். 18 நிமிட உடைப்பில் எப்போது, 53 நிமிட உடைப்பில் எப்போது என்று இரண்டையும் எழுதி, காலி செய்யும் திட்டத்துக்கு முந்தையதைக் கொடுப்பேன்.